நாலு செட்டைக் கட்டடம்

12.10.1993, செவ்வாய்
வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. என்னவர்! "நான் டொரண்டோ வந்திட்டன்" என்றார். களவாய்க் கூட்டிவந்த ஏஜென்ட் ஓர் அறையில் விட்டிருக்கிறானாம், கூட இராஜரட்ணம் என்று ஒருவர். நாளைக்கு இங்கே டோர்செட் பார்க்கில் என் வீட்டில் கொண்டுவந்து விடுவானாம். இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரே ஊரில் இருக்கிறோம். ஏஜென்ட் வராவிட்டால் பயப்படாமல் பொலிசிடம் போய் அகதி என்று சொல்லுங்கோ, இங்கே அடிக்க மாட்டார்கள் என்றேன். பெரிய கெட்டிக்காரி மாதிரி.

13.10
ஏஜென்ட் வரவில்லை.

14.10
இரண்டு நிமிடம் கதைத்தார். ஜன்னலால் பார்க்க வானம் முட்டக் கட்டடங்களாம். ஊரில் கட்டடப் படம் வரைந்தவர், மாடி எண்ணாமல் விடுவாரா? ஒன்று கறுப்பு, முப்பது மாடி. இன்னொன்றின் உச்சியில் வெள்ளி நிறத்தில் நாலு செட்டை, பறக்கப்போகிற மாதிரி.
டொரண்டோவின் பெரிய கோபுரம், சீ.என். டவர், தெரிகிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையாம். ஆரோ வாறாங்கள் என்று வைத்துவிட்டார்.
டொரண்டோவில் எங்கே நாலு செட்டை?

15.10
வேலைக்குப் போகவில்லை. அஜின்கோர்ட் நூலகத்தில் அமெரிக்க நகரங்களின் படப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். ஹார்ட்ஃபோர்ட், ருல்சா, டெமோயின் — பேரே கேள்விப்படாத ஊருக்கெல்லாம் நடுவில் ஒரு கட்டடக் கூட்டம். சனம் கொஞ்சம், எடுப்புப் பெரிசு. ஜன்னலால் இதைப் பார்க்கிறவர் டொரண்டோ என்று நம்பாமல் என்ன செய்வார்?
மத்தியானம் அகப்பட்டது. நாலு செட்டை. ரொச்செஸ்ரர். ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்கா.
பொலிசிடம் போகச் சொன்னது நான். அமெரிக்கப் பொலிசிடம்! பிடித்தால் மறியலில் அடைப்பார்கள், பிறகு கொழும்புக்குப் பிளேன். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளையாரே, அவர் வெளியே போகக்கூடாது. எடுத்துச் சொல்ல அவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை.

16.10
போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். குளிக்கவில்லை. போன் அடிக்கவில்லை. போய்விட்டாரோ?

17.10, ஞாயிறு
காலையில் அவரே போன் எடுத்தார். சொன்னேன். சிரிக்கிறார்!
"உமக்கென்ன விசரே? இவ்வளவு கட்டடம் நிக்குது."
"செட்டைக் கட்டடத்தைப் புத்தகத்தில கண்டனான். உது அமெரிக்கா. பொலிசிட்டைப் போகாதேங்கோ."
"இராஜரட்ணம் விடியப் போயிட்டார்" என்றார். "நீர் சொன்னதை நான்தான் அவருக்குச் சொன்னனான். உமக்குச் சொல்லிப்போட்டு நானும் போவமெண்டு நிண்டனான்."
உடனே அறையை விட்டு வெளிக்கிடுங்கோ, பஃபலோவுக்குப் பஸ் எடுங்கோ, அங்கேயிருந்து கனடாவுக்கு வாற பாலத்தைத் தாண்டும்வரை வாய் திறக்காதேங்கோ என்றேன். வைத்த பிறகுதான் அழுதேன். பஸ்ஸில் மறித்தால்?

19.10
அகஸ்ரின் அண்ணை என்னோடு வேலை செய்கிறவர். அவருடைய காரில் பாலத்தின் கனடாப் பக்கம், ஃபோர்ட் எரிக்குப் போனோம். என்னவர் பாலத்தை நடந்தே கடந்து, இந்தப் பக்கம் அகதி என்று பதிந்துவிட்டார். நல்லாய் மெலிந்து போனார். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

24.10, ஞாயிறு
இராஜரட்ணத்துக்கு இங்கே பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் மனைவி இருப்பது இவருக்குத் தெரியும். ஐந்து நாளாக இரண்டு பேரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.
இன்று அவவே போன் எடுத்தா. நிசாந்தினி என்று பேர், சின்னக் குரல். இராஜரட்ணம் பொலிசிடம் போகமுதல் அவவுக்குச் சொல்லி, எங்கள் நம்பரையும் கொடுத்திருந்தாராம்.
"அக்கா, டொரண்டோ பொலிஸ் ஆக்களை ஒரு கிழமை வைச்சிருக்குமோ?"
நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சப்பாத்தும் போட்டாகிவிட்டது. அரை மணித்தியாலமாகக் கதவடியில் இருக்கிறேன்.