தம்பி செய்த மூடி

மார்ச் 4, திங்கள்

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை, அதில் தரச் சோதனை என்றேன். "மூடிதானா?" என்றாள். வந்ததே எனக்குக் கோபம்! மூடிதானம்மா. அது சரியில்லாவிட்டால் உன் வீட்டுப் பிள்ளை இனிக்கிறதே என்று பாட்டில் மருந்து முழுவதையும் குடித்துவிடும். அப்போது தெரியும் மூடியா மலையா என்று. சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் ஒரு காரணம். தம்பி வடிவமைத்த முதல் மூடிக்கு இன்று குழந்தைகள் காப்பகத்தில் பரீட்சை.

மூடிக்குள் மூடி. சும்மா திருகினால் வெளிமூடி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அமுக்கித் திருகினால்தான் அது உள்மூடியைக் கவ்வித் திறக்கும். கையை எடுத்தால் வெளிமூடி தானே மேலே எழும்பிவிடும். பரீட்சை வைக்கிறவர்கள் நாலு வயதைத் தாண்டாத வாண்டுகள். சுத்தமான காலி பாட்டிலைக் கையில் கொடுத்து, "எங்க, தொறங்க பாக்கலாம்" என்று விட்டுவிடுவோம். பல்லுக்கும் அனுமதி உண்டு. ஒருத்தி கடித்த கடியைப் பார்த்து டீச்சர் பதறிப்போனார். "மேடம், பல்லு கில்லு விழுந்தா அவங்கம்மா என்னைத்தான் பிடிப்பாங்க!" அவளுக்குக் கடிவாய் என்று பெயர் வைத்துவிட்டேன். கடிவாயாலும் முடியவில்லை. ஒரு குழந்தையாலும் முடியவில்லை!

போன வாரம் முதியோர் இல்லத்தில் விரல் நடுங்குகிறவர்கள்கூட இதே மூடியை ஒரே அமுக்கில் திறந்தார்கள். பழைய மூடியில் அதுதான் குறை, அமுக்கவே முடியாது. அலுத்துப்போய் மூடாமலே வைத்துவிடுவார்கள். தம்பி இரண்டு மூடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குறைத்து, வெளிமூடியை எழுப்புகிற விசையையும் பாதியாக்கிவிட்டான். மூளைக்காரன். யாருடைய தம்பி!

"பிரமாதம்டா" என்றேன். "நன்றி மேடம்" என்றான். தொழிற்சாலைக்குள் நான் அவனுக்கு மேடம்தான். அவனே போட்ட சட்டம். அக்கா தயவில் வந்தவன் என்று யாரும் பேசிவிடக் கூடாதாம்.

மார்ச் 6, புதன்

தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். இரத்தம் போதவில்லையென்று டாக்டர் இரும்புச்சத்து டானிக் கொடுத்திருக்கிறார். அந்த பாட்டிலில் இருந்த மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் மூடியை எடுத்து மாட்டினான். என்னவோ கிரீடம் சூட்டுகிற மாதிரி.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பாருங்க அண்ணி, ராத்திரிகூட இதைத் தலைமாட்டுல வச்சுத்தான் தூங்குறாரு" என்றாள்.

அவர்கள் மகள் பட்டாசு — பெயருக்கேற்ற பிள்ளை, மூன்று வயது ஆகவில்லை — பாட்டிலைப் பிடுங்கித் திருகு திருகென்று திருகிப் பார்த்துவிட்டு உருட்டிவிட்டாள். "பாத்தியாக்கா? சொந்தப் பொண்ணே தோத்துட்டா!" அவன் முகத்தில் இருந்த சிரிப்பை எழுதத் தெரியவில்லை.

மார்ச் 9, சனி

என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை முதல் லாரி கிளம்புகிறது. வடிவமைப்புத் துறைக்குத் தம்பிதான் அடுத்த தலைவர் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு.

மார்ச் 11, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சோதனை பாட்டில்களைத் திரும்ப வாங்கக் காப்பகத்துக்குப் போனேன். ஒன்று குறைந்தது. டீச்சர் சிரித்தார். "அதை உங்க கடிவாய் குடுக்க மாட்டேங்குறா மேடம். நாள் முழுக்க டாக்டர் வெளையாட்டுதான். நாந்தான் சர்க்கரைப் பாகு கரைச்சு ஊத்திக் குடுத்தேன். எல்லாருக்கும் ஒரு சொட்டு குடுப்பா, மூடுவா, மறுபடியும் தொறப்பா..."

"தொறப்பாளா? யாரு, அவளா?"

"அவளேதான். நல்லா பழகிட்டா."

பழகிவிட்டாளா? அமுக்கக் கற்றுக்கொண்டாளா? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்கும் மருந்து குடுங்க டாக்டர்" என்றேன். இரண்டு விரலால் திருகினாள். அமுக்கவே இல்லை. திறந்துகொண்டது.

வாங்கிப் பார்த்தேன். பாகு வழிந்து இரண்டு மூடிக்கும் நடுவில் புகுந்து காய்ந்திருக்கிறது. பாகு ஊற்ற டீச்சர் ஒரு தடவை அமுக்கிய வெளிமூடி அமுங்கினபடியே ஒட்டிக்கொண்டது. மேலே எழும்பவில்லை. விசையைத்தான் பாதியாக்கிவிட்டோமே, எப்படி எழும்பும்? அப்புறம் அதற்கும் சாதாரண மூடிக்கும் என்ன வித்தியாசம்!

நாங்கள் கழுவித் துடைத்த பாட்டிலுக்குத்தான் பரீட்சை வைத்தோம். தொழிற்சாலையில் எல்லாமே சுத்தம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று எனக்குப் பேர் வேறு. எந்த வீட்டில் மருந்து பாட்டில் வழியாமல் இருக்கிறது?

அப்போதுதான் சுரீர் என்றது. பட்டாசு! அந்த டானிக்!

காப்பக வாசலிலேயே நின்று தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். "பாட்டில் எங்க இருக்கு? இப்ப, இப்பவே தூக்கி ஒசரத்துல வை. ஏன் எதுக்குன்னு கேக்காத, முதல்ல வை." பயந்துபோனாள். வைத்துவிட்டேன் அண்ணி என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மார்ச் 12, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை. லாரி நிற்கிறது.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கிறீங்களேம்மா! விதியில சுத்தமான பாட்டில்னுதானே இருக்கு? பாஸ் ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு சார். ஆனா குழந்தைக்கு விதி படிக்கத் தெரியாதே."

ஒரு தட்டு நிறைய பாட்டிலில் நிஜ மருந்தையே ஊற்றி, வீட்டில் வழிகிற மாதிரி வழியவிட்டுக் காய வைக்கச் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரிய இரண்டு நாள் வேண்டும் என்றேன். முகம் சுளித்தார். ஆனால் கொடுத்தார்.

தம்பி எல்லார் முன்னாலும் கேட்டான். "சின்னப் புள்ளைங்க பாகு ஊத்தி வெளையாடினதையெல்லாம் சோதனைன்னு சொல்றீங்களா மேடம்?" பதில் சொன்னேன், பொறுமையாகத்தான். அப்புறம் படிக்கட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"வயித்துல புள்ளையோட இருக்கிறவளைப் போன் போட்டுப் பயமுறுத்துவியா? நேத்து முழுக்க அவ சாப்பிடல. ஊரே பாராட்டுது, ஒனக்குப் பொறுக்கலையா?"

எனக்கா பொறுக்கல? எனக்கா? இவன் படிப்பு முடியறவரைக்கும் ஒரு புடவை எடுக்காம இருந்தவ நான். இவன் செஞ்ச மூடியை டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டுப் போய் அக்கம்பக்கமெல்லாம் காட்டினவ நான். போடா. போ!

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் பேருந்து நடத்துனர், எதையும் பேருந்து வழியாகத்தான் பார்ப்பார். "நடுவழியில செக்கிங் ஏறினா எனக்கும் பத்திக்கிட்டு வரும். நம்மள சந்தேகப்படுறானேன்னு. ஆனா அவன் எறங்கினப்புறம் வர்ற தெம்பு இருக்கு பாரு, அது தனி" என்றார். பிறகு, "என்னைக் கட்டிக்கிறப்ப இப்படி ஒரு சோதனையும் வைக்கலையே நீ?" என்றார்.

"அங்கதான் கோட்டை விட்டுட்டேன்" என்றேன். சிரித்துவிட்டேன்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியதுதான். கையெழுத்துப் போடுகிற கை மட்டும் ஆடவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், யாரிடம் சொல்வது.

மார்ச் 13, புதன்

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, தம்பி வாசலில் நிற்கிறான். உள்ளே வந்து மேசைமேல் டானிக் பாட்டிலை வைத்தான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அவனுடைய மூடி உறுதியானது என்று மனைவிக்குக் காட்டுவதற்காகத்தான் பாட்டிலை இறக்கியிருக்கிறான். "பாரு, சும்மா திருகினா சுத்திக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே திருகியிருக்கிறான். கையோடு வந்துவிட்டது.

"அவளும் நானும் தெனம் அமுக்கித்தான்க்கா தொறப்போம். பழக்கம். அதனால ஒட்டிக்கிட்டது தெரியவே இல்ல." பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "திங்கக்கிழமை காலையில இது கட்டில் பக்கத்துல கீழ இருந்துதுக்கா. பட்டாசு அங்கதான் வெளையாடிக்கிட்டு இருந்தா. நீ போன் பண்ணப்ப."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான். இரும்புச்சத்து டானிக் குழந்தைக்கு விஷம் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 14, வியாழன்

தட்டைத் திறந்தோம். பாதிக்குமேல் ஒட்டியிருக்கிறது. மேலாளர் ஒன்றை எடுத்துத் திருகினார், வந்தது. இன்னொன்று, அதுவும் வந்தது. மூன்றாவதைத் தொடவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான். "சார், தப்பு என் மூடியிலதான். லாரியத் திருப்பி அனுப்பிடுங்க. அக்கா சொல்றது சரி."

அக்கா! அத்தனை பேர் நடுவில்! அச்சு வார்க்கிறவர்கள், பொட்டலம் கட்டுகிறவர்கள், கணக்கர், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனே போட்ட சட்டம், அவனே உடைத்தான். நான் காகிதத்தைக் குனிந்து பார்க்கிற மாதிரி நின்றேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

மேலாளர் பெருமூச்சு விட்டார். "சரிப்பா. எத்தனை நாள்ல சரி பண்ணுவ?"

"அக்கா பாஸ் போடுற அன்னிக்கு சார்."

ஏப்ரல் 22, திங்கள்

துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. தம்பி அவருக்குக் கை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தான். அவன் மேசையில் ஒரு கிண்ணத்தில் பாகு எப்போதும் இருக்கிறது. எறும்பு மொய்க்கிறதென்று கூட்டுகிற அம்மா தினமும் திட்டுகிறார்.

மே 20, திங்கள்

தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். அழுகிற சத்தத்தில் பட்டாசையே மிஞ்சிவிடுவான்.

ஜூன் 14, வெள்ளி

புது மூடி. வெளிமூடியின் அடியில் சின்னச் சின்னப் பிளவுகள். வழிகிறது உள்ளே தேங்காமல் வெளியே ஓடிவிடும். இரண்டு மூடியும் உரசுகிற இடமும் கொஞ்சம்தான். விசையைக் கூட்டியிருக்கிறான். பெரியவர்களுக்குப் பிடிப்பு கிடைக்க ஓரத்தில் அகலமான வரிகள். முதியோர் இல்லத்தில் இதையும் ஒரே அமுக்கில் திறந்துவிட்டார்கள்.

இந்த முறை எந்த பாட்டிலையும் கழுவவில்லை. நாள்கணக்கில் பாகு வழியவிட்டு, காய வைத்து, மறுபடி வழியவிட்டு, அழுக்குப் பிடித்த பாட்டிலாகவே காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கடிவாய்க்குத் தனி அழைப்பு. கடித்தாள், தரையில் தட்டினாள், காலால் மிதித்தாள், கடைசியில் பாட்டிலைப் பார்த்து அழுதாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். கன்னமெல்லாம் பாகு.

கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு பெரிதாக என் பெயரை நான் எழுதியதே இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பி மனைவி இன்னும் டானிக் குடிக்கிறாள். இப்போது புது மூடி போட்டே டானிக் கடைக்கு வந்துவிட்டது, தம்பி சட்டைப் பையில் கொண்டுவர வேண்டியதில்லை.

பேசிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தால் பட்டாசு கையில் பாட்டில். நாற்காலிமேல் ஏறி அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள். நான் பாய்ந்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருக்கா. கைக்கெட்டுற தூரந்தான். பாத்துக்கலாம்."

அவன் கை சில்லென்று இருந்தது. வாரக்கணக்கில் வழிந்து பிசுபிசுத்துப்போன பாட்டில். திருகினாள். கடகடவென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்க என்ன ஒரு சுகம்! பல்லால் கடித்தாள். பாவாடையால் பிடித்துத் திருகினாள். கடகட, கடகட. உள்ளேயிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்து, "அக்காவும் தம்பியும் சேர்ந்து என் புள்ளைய வச்சு என்ன பரீட்சை நடத்துறீங்க?" என்று கத்தினாள். இவர் மட்டும் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பட்டாசு பொறுமை இழந்து, நேராக வந்து பாட்டிலை அப்பன் மடியில் போட்டாள். முகமெல்லாம் சிவந்து, உதடு பிதுங்கி.

"சீ! கெட்ட மூடி! அப்பா செஞ்ச மூடி கெட்ட மூடி!"

தம்பி பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தான். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுடா செல்லம். அத்தைக்குக் கேக்கல."