என் விரல் நடத்திய கலியாணம்

ஆவணி, ஞாயிறு இரவு

லத்தீன் ஜாஸ் குழுத் தலைவன் என்று வன்னியில் நான் எடுத்த பெயர் இன்று அக்கராயன் கலியாண வீட்டில் கெடப் பார்த்தது. மணவறைக்கு எதிரே இரு கையிலும் குச்சி பிடித்துத் தட்டி வாசிக்கும் என் வைப்ரபோனைப் பொருத்தி வைத்துவிட்டு, ஆயத்தமாகும்படி என் கொங்கா மேளக்காரனுக்கு விரலை உயர்த்தினேன். கூட்டத்துக்கு மேலால் விரலை மட்டும் கண்டு, ஐயர்தான் சைகை காட்டுகிறார் என்று நினைத்த தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். மாப்பிள்ளை பதறித் தாலியைக் கட்டிவிட்டார்.

"முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கிடக்குது! கழட்டிப்போட்டுத் திரும்பக் கட்டுங்கோ!" என்று பெண்ணின் தகப்பன் கத்தினார்.

பெண் தாலியை இறுக்கிப் பிடித்தாள். "விடமாட்டன் அப்பா. இவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சபை சிரித்து அட்சதை தூவியது.

நான் புறப்படும்போது பெண்ணின் தகப்பன் சொன்னார்: "சின்னவளின்ர கலியாணத்துக்கும் நீர்தான் வாசிக்கவேணும். ஆனா கையைக் கட்டிக்கொண்டு வாரும்."

கையைக் கட்டிக்கொண்டு வைப்ரபோன் வாசிப்பது எப்படி என்று யோசிக்கிறேன். நித்திரை வரவில்லை.