குழி தோண்டாமல் ஒரு அறை

மண்ணுக்குள்ள போயும் சும்மா இருக்கமாட்டாத என் அக்காவுக்கு,

நீ வேலி போட்டுக் காத்த ஓடைக்காடு நல்லா இருக்கு. சாயத்தண்ணியில் வெந்து கிடந்த இடத்தில் இப்போ கொழுக்கட்டைப்புல் முட்டி உயரம். ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டை வச்சிருக்கு.

பனியன் கம்பெனிப் பெண்களோட குழந்தைகளுக்கு அங்கே ஒரு காப்பகம் வேணும்னு நீ சொல்லுவியே, அதைக் கட்டச் சொல்லி மச்சான் கூப்பிட்டார். "நீதான் இஞ்சினியராச்சே அம்மிணி. மண்கல்லுலயே கட்டு. மண்ணு நம்ம காட்டுலயே எடுத்துக்க."

சூளையில் சுடாத மண்கல் என்றாலே முகம் சுளிக்கிற மனுசர். நீ இருந்தவரை ஓடைக்காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். எனக்கு அப்பவே உறுத்தியது.

எங்கே தோண்டணும்னு அவரே ஓடையோரம் கோடு போட்டு வச்சிருந்தார். "ரெண்டு ஆள் ஆழம் போகட்டும்."

"அவ்வளவு மண்ணு வேண்டீதில்லீங்க மச்சான்."

"குழியில மழைத்தண்ணி நிக்குமல்ல. உங்கக்கா குருவிகளுக்குத்தான்."

குருவியைப் பத்தி அவர் பேசி நீ கேட்டிருக்கியா அக்கா?

அடுத்த வாரம் வேலியோரம் கறுப்புக் குழாய்ச் சுருள் இறங்கியது. சொட்டுநீருக்காம். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், தாராளமா நுழைஞ்சது. சொட்டுநீருக்கு எதுக்கு இவ்வளவு அகலம்? மேட்டில் இருக்கிற சாயப்பட்டறைதான் மச்சான் கம்பெனித் துணிக்குச் சாயம் போடுது. கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்ணாம விட அவங்களுக்கு ஒரு குழி கிடைச்சால் போதுமே.

நேராகக் கேட்கலை. கேட்டால் இல்லைன்னுதான் சொல்லுவார். வரைபடத்தை மாத்தினேன். மூணு அறையை ஒண்ணாக்கினேன். இடுப்புயரம் வரை வரப்பில் கிடந்த கல், அதுக்கு மேலே மண்கல். அஸ்திவாரம் தோண்டின மண்ணே அதுக்குப் போதும். அந்த மண்ணையும் நம்பலை, பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

சுவர் எழும்பினதும் மச்சான் வந்தார். "குழி எங்க?"

"தேவைப்படலீங்க."

"நான் தோண்டச் சொன்னனல்ல?"

"மண்ணுக்குத்தானுங்க சொன்னீங்க? மண்ணு போதுமாயிருச்சுங்க."

கோடு போட்ட இடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். மறுநாள் அந்தக் குழாயை ஏத்திப் போக வந்தது சாயப்பட்டறை லாரி.

இப்போ குழந்தைகள் வருது. நேத்து ஒரு சின்னப்பிள்ளை மண்சுவரில் கன்னத்தை வச்சுக்கிட்டே தூங்கிப்போச்சு. மச்சானும் வாசலில் நின்னு அதைப் பார்த்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது. உன் நினைப்பா, இல்லை வேற கணக்கா? எனக்குத் தெரியலை.

வாராவாரம் ஓடைக்கரை முழுக்க நடந்து பார்ப்பேன். புதுசா தோண்டின மண் கண்ணில் பட்டால், மச்சான்னும் பார்க்காம புகார் கொடுப்பேன். இது உனக்கு நான் தர்ற வாக்கு.

இன்னும் சந்தேகம் தீராத,
உன்ற தங்கச்சி