நீலமாகவே நின்ற கற்கண்டு

அன்புள்ள அப்பா,

அன்புள்ள என்று எழுதிப் பழகிய கை எழுதிவிட்டது. மனசில் இருப்பது கோபம்தான். உங்கள் வருஷத் திவசம் நெருங்குகிறது. அம்மா இன்னும் சீனி டப்பாவைத் தொடுவதில்லை. உங்களைக் கொன்ற கை என்று தன் கையையே சொல்கிறாள்.

அந்த நினைப்பை அவளுக்குக் கொடுத்தது யார்? காலையில் சோதனைக் குழாயில் உங்கள் சிறுநீரை அந்த நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குவீர்கள். செங்கல் நிறம் வரும், சீனி வியாதி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மாரியம்மன் கோயில் பிரசாதம் என்று தேத்தண்ணிக்குக் கடித்துக்கொண்டிருந்த கற்கண்டையும் ஒருநாள் கரைத்துச் சோதித்தீர்கள். நீலம் நீலமாகவே நின்றது. நாவுலயிலிருந்து வந்த அத்தையும் மற்ற உறவுகளும் இருக்கும்போதே அம்மாவைக் காட்டித் தீர்ப்புச் சொன்னீர்கள்.

"கற்கண்டுல ஒண்ணும் இல்ல. இவதான் எனக்குத் தெரியாம சோத்துல சீனி போடுறா."

டாக்டர் சொன்னபடி சோற்றை அளந்து போட்டவள் அவள். அந்த மருந்து முழுக் கற்கண்டைக் காட்டாது, வயிற்றுக்குள் அது உடைந்து குளுக்கோஸ் ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் சொன்னேன். செய்து காட்டுகிறேன் என்றும் கெஞ்சினேன். விளக்கைக்கூடத் தொடவிடவில்லை. சீனி வியாதி முற்றிக் கால் கறுத்து, சாகக் கிடந்தபோதும் அம்மாவைத்தான் முறைத்தீர்கள். அப்படி என்ன வீம்பு அப்பா?

நேற்று அதே விளக்கை ஏற்றினேன். முதல் துண்டு நீலமாகவே நின்றது, அம்மா தலை குனிந்தாள். இன்னொரு துண்டைக் கரைத்து, பள்ளிக்கூடத்து அமிலத்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தேன். கற்கண்டை உடைப்பது அந்த அமிலம். குடலில் இருக்கும் நொதி அதே வேலையை இன்னும் சுலபமாகச் செய்துவிடும். பிறகு ஆப்பச்சோடா போட்டு அமிலத்தை அடக்கி, நீல மருந்தைச் சேர்த்துச் சூடாக்கினேன். உங்கள் செங்கல் நிறம் வந்தது.

அம்மா அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நெசமாவே நான் போடலதான்," என்றாள்.

தான் செய்யாததைத் தானே நம்பிவிடும் அளவுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன்.

திவசத்துக்கு அத்தையும் வருவாள், அன்று இருந்த அத்தனை பேரும் வருவார்கள். படையலில் உங்களுக்குப் பிடித்த கற்கண்டும் இருக்கும். இலை போடுவதற்கு முன்னால் அதில் ஒரு துண்டை அவர்கள் கண்ணெதிரே கொதிக்கவைப்பேன். குழாயைப் பிடிக்கப்போவது அம்மாவின் கை.

இப்படிக்கு,
நீங்கள் பழி போட்டவளின் மகள்,
சரோஜா
மாத்தளை