தம்பி தீட்டிய பாராங்

12 ஏப்ரல் 1943

இன்று நான் சொல்லாதது: தம்பியின் பாராங் கத்தியைத் தீட்டியவள் நான்.

மரவள்ளி போட, ஜப்பான்காரர்கள் தோட்டத்து ரப்பர் மரங்களை அழிக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குழந்தைவேலு எல்லாருடைய கத்தியையும் பார்த்தார். தம்பி அழகேசனுடையதைக் கூர் பார்க்க நகத்தில் வைத்தார், வழுக்காமல் நின்றது. யார் தீட்டியது என்று கேட்டார். "நான்தாங்க" என்றான், வீறாப்பாக. உடனே அவனுக்குக் கொட்டகையில் உட்கார்ந்து கத்தி தீட்டும் வேலை. மூச்சிழுப்பு நோய்க்காரன், வெயிலில் எத்தனை நாள் தாங்குவான்? வாயை மூடிக்கொண்டேன்.

16 ஏப்ரல்

அகப்படுவதற்குள் கற்றுக்கொடுக்க வேண்டும். முரட்டுக் கல், பிறகு வழவழப்பான கல். சாய்வு மாறக்கூடாது. அவனோ அழுத்துகிறான்.

"கல்லக் கொல்லப் போறியாடா?"

"வாத்தியாரம்மா மாதிரி பேசாதே லா, அக்கா. ஒருத்தனும் கட்டிக்க மாட்டான்."

சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

2 மே

நன்றாகத் தீட்டுகிறான். என்னைவிட என்று எழுத மனம் வரவில்லை.

19 மே

ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து இருபது பேர். அதில் ஒருவன் கத்தி தீட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டுமாம். கிராணி முதலில் எழுதிய பெயர் அழகேசன்.

20 மே

கிராணியிடம் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. நாளை ஜப்பான்காரன் முன்னால் தீட்டட்டும், தெரியாவிட்டால் பெயரை அடித்துவிடுகிறேன் என்றார். ஓடிவந்து தம்பியிடம் சொன்னேன்: கத்தியை மழுக்கிவிடு. தலையாட்டினான்.

21 மே

மழுக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க, நிதானமாகத் தீட்டினான். நகத்தில் நின்றது.

ஏன்டா? பாவி, ஏன்டா?

"நான் கெடுத்தா, தீட்டுனது நீதான்னு ஆயிடும்லா. பொம்பளைங்களையும் ஏத்துறானுங்க, அக்கா."

எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை புத்தகம் படித்து என்ன கிழித்தேன்?

24 மே

தம்பியை ஏற்றிய லாரி கோலா கெத்தில் சாலையில் திரும்பும்வரை நின்றேன். படித்த கதைகளில் எல்லாம் உண்மையை மறைத்தவளுக்குத்தான் தண்டனை. கதை எழுதியவர்கள் எந்த ஊரில் இருந்தார்களோ —

30 மே

கொட்டகையில் இப்போது நான் தீட்டுகிறேன். கிராணி வந்தார். நகத்தில் வைத்துப் பார்த்தார், போய்விட்டார்.

11 நவம்பர் 1945

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் சயாமிலிருந்து திரும்பிவிட்டார். இருபது பேரில் அவர் மட்டும். அழகேசன் போன இரண்டாம் மாதமே காலராவில் இறந்தானாம். அங்கே அவனிடம் யாரும் ஒரு கத்திகூடத் தீட்டக் கொடுக்கவில்லை. மண் சுமந்தான்.