கிளிப் போட்ட பக்கங்கள்

ஜனவரி 9

அன்புள்ள பொட்டலத்துக்கு,

குடைக் கடை வெச்ச கரடி பத்திரமா வந்து சேர்ந்துச்சு. வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம பார்சலைப் பிரிச்சேன். காலையிலிருந்து எழுபது பேர் கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்குச் சாயங்காலம் ஒரு கரடியாவது சிரிச்ச முகமா வேணாமா?

வீட்டுக்காரர் வழக்கம்போல, "நாப்பத்தொரு வயசுல கரடிக் கதையா?"ன்னார். அவர் கிரிக்கெட்ல நம்ம டீம் தோத்ததுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கலாம், நான் கரடி படிக்கக் கூடாதாம். பெரியவங்க புத்தகத்தையும் நான் எடுத்துப் பார்க்காம இல்ல. முதல் அத்தியாயத்துல பிணம், ரெண்டாவதுல கள்ளத்தொடர்பு. அந்த ஏழாம் மாசத்துல ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோட வந்ததிலிருந்து எனக்கு அதெல்லாம் தாங்கல. இந்த நாலு வருஷமா நீ அனுப்புற புத்தகத்துலதான் மூச்சு விடறேன்.

ஒரு சின்னக் குறை. 32லிருந்து 37 வரை கிளிப் போட்டு, "சும்மா மழை பெய்யுது, போர். தாண்டிடு"ன்னு சீட்டு வெச்சிருக்கே. குடைக் கடைக் கரடிக்கு மழை வர்றது போரா? சோகமான பக்கத்துக்குத்தானே கிளிப் போடுவே? சரி, நீ சொன்னா நான் கேப்பேன். பிரிக்காமலே தாண்டிட்டேன்.

நீ முதல்ல படிச்சுப் பார்த்து, எனக்கு ஆகாத பக்கத்தை மூடி அனுப்புற மாதிரி எனக்கு யாரும் எதுவும் செஞ்சதில்ல. உன் நூலகத்துக்கு வர்ற பசங்களை மட்டும் பொறுத்துக்கறேன். வேற யாருக்கும் இந்த உபசாரம் கிடையாது, சொல்லிட்டேன்.

உன்
மூக்கி

ஜனவரி 27

அன்பு மூக்கிக்கு,

மூக்கு மேல கோபம் வர்றவளுக்கு விடுதியில நாங்க வெச்ச பேர் எவ்வளவு சரின்னு இன்னும் நினைச்சுக்கறேன். மழை போர்தான், விடு.

இதோட வாத்துக் கதை வருது. வாத்து ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாஸ்டர். அவ்வளவுதான் கதை. நூலகத்துல பழசுன்னு கழிச்ச கட்டுல கிடைச்சது. அட்டை கிழிஞ்சிருந்துச்சு, ஒட்டிட்டேன்.

அண்ணி இப்போ எங்க வீட்டுலதான் இருக்காங்க. உடம்பு சரியில்ல. அண்ணன் வேலைக்காக வெளியூர்ல இருக்கான். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. அவங்க அலமாரியை இன்னும் திறக்கல. அண்ணி திறந்து அடுக்கித் தரேன்னாங்க, நான்தான் வேண்டாம்னேன்.

வாத்தைப் படிச்சுட்டுத் திருப்பி அனுப்பு.

பொட்டலம்

பிப்ரவரி 11

பொட்டலத்துக்கு,

நலம். நீயும் நலமாத்தான் இருப்பே, உனக்கென்ன.

வாத்துல கிளிப் போட்ட இடத்துல சீட்டு இருந்துச்சு. உன் கையெழுத்துதான். "அண்ணி, 58லிருந்து 63 வரை வேண்டாம். நேரே 64க்குப் போங்க." நல்லா இருக்கு. எனக்கு வெச்ச சீட்டை மாத்த மறந்துட்டே போல. இல்ல, எனக்குன்னு சீட்டே எழுதலையா?

எனக்கு வயிறு எரியுது. மறைச்சு என்ன பண்ண? என் ஒருத்திக்காக நீ ராத்திரி பகலா உக்காந்து படிச்சுக் கிளிப் போடறேன்னு நாலு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன். அண்ணி படிச்சு முடிச்ச மிச்சம் எனக்கு வருது. போன மாசக் கரடியும் அவங்க கைபட்டதுதானா? அவங்களுக்கு முத்து முத்தா எழுதியிருக்கே, எனக்குப் "போர், தாண்டிடு".

அவங்க நல்லவங்களா இருக்கலாம். எனக்குப் பிடிக்கல. வாத்தைத் திருப்பி அனுப்பப் போறதில்ல. அவங்க கேட்டா ரயில் ஏறிப் போயிடுச்சுன்னு சொல்லு.

மூக்கி

பிப்ரவரி 18

அன்பு மூக்கிக்கு,

சீட்டு மாறினது என் தப்பு. பசங்களுக்குக் கதை சொல்ற நேரத்துல அவசரமா பார்சல் கட்டினேன்.

கரடி உனக்கு மட்டும்தான் வந்துச்சு. அண்ணிக்கு வாத்து மட்டும்தான் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்னு கேக்காதே. அவங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க. உன் விஷயத்தையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, அண்ணிகிட்டகூட.

மார்ச் மூணு, அம்மா போன நாள். லீவு போடல. வீட்டுல உக்காந்து என்ன பண்ண?

கோபம் ஆறினதும் எழுது. ஆறலைன்னாலும் எழுது.

பொட்டலம்

பிப்ரவரி 25

என் பொட்டலத்துக்கு,

உன் கடிதம் வர்றதுக்கு முந்தின நாளே ஒரு காரியம் பண்ணிட்டேன். வீம்புக்குத்தான். அண்ணிக்குப் போட்ட கிளிப்பை நான் ஏன் மதிக்கணும்னு வாத்தைப் பிரிச்சு 58லிருந்து படிச்சேன். யாரும் சாகல. யாரும் அழல. வாத்து குஞ்சு பொரிக்குது. ரயில்ல வந்தவங்க எல்லாரும் இறங்கி வந்து குஞ்சைப் பார்க்கறாங்க. ஒரு கிழட்டு ஆடு சாக்ஸ் பின்னிக் கொண்டு வருது.

அப்புறம் கரடியையும் எடுத்துப் பிரிச்சேன். 32ல மழையே இல்ல. கரடியோட தங்கச்சிக்குக் குழந்தை பிறக்குது. மல்லாத்திப் போட்ட குடைதான் தொட்டில்.

நான் நாலு வருஷமா நீ சோகத்தை மூடி அனுப்புறேன்னு நினைச்சேன். நீ இதை மூடியிருக்கே. சொல்லிக் காட்டவும் இல்ல. தரையில உக்காந்து அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போடல, குடிச்சேன்.

அண்ணிக்கும் அதே மாதிரிப் பக்கத்துல நீ ஏன் கிளிப் போட்டேன்னு புரிஞ்சுடுச்சு. கேக்க மாட்டேன். வாத்தை இதோட அனுப்பறேன். கிளிப்பைப் பழையபடி போட்டுட்டேன், அவங்க சீட்டும் உள்ள இருக்கு.

இன்னொண்ணும் தோணுச்சு. எல்லாருக்கும் முன்னாடி நீ படிச்சுப் பார்க்கறே. உனக்கு முன்னாடி யாரு படிக்கறா? அம்மா அலமாரின்னு ஜனவரியிலேயே எழுதியிருந்தே. நான் அண்ணிங்கிற ஒரு வார்த்தையைத்தான் படிச்சிருக்கேன், பாவி.

பஸ் ஸ்டாப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில ரெண்டு நாள் தேடி ஒண்ணு எடுத்தேன். ஆமை ஒண்ணு ஆத்துல படகு ஓட்டுது. சாப்பாட்டு நேரத்துல லேப்லயே படிச்சேன், மார்ச் மூணை மனசுல வெச்சு, ஒவ்வொரு பக்கமா. இது உனக்கு மட்டும். அண்ணிக்குக் கொடுக்காதே, அவங்களுக்கு வேற தேடித் தரேன். நிஜமாத்தான் சொல்றேன், இதைத் தொடக்கூட விடாதே.

71லிருந்து 80 வரை கிளிப் போட்டிருக்கேன். சும்மா ஆத்துல தண்ணி ஏறுது, போர். தாண்டிடு.

உன்
மூக்கி