லாபமில்லாத ரூட்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் கோபமும் நலமாகத்தான் இருக்கும். போனை எடுக்காமல் அதை நன்றாக வளர்க்கிறாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

உன் கம்பெனியின் விண்ணப்பம் எங்கள் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்த அன்றே, "இவன் என் தம்பி, இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மேலதிகாரியிடம் சொல்லி விலகிக்கொண்டேன். ஆனால் நிபந்தனையை எழுதியவள் நான்தான். நீ கேட்பதற்கு வெகு முன்பே, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக எழுதியது. எந்த பஸ் எங்கே வருகிறது என்ற தகவலை எங்களிடம் இலவசமாக வாங்கி ஆப் நடத்துகிறவர்கள், சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் இலவச எண் நடத்த வேண்டும். எல்லா ரூட்டுக்கும்.

சோதனைக்கு அந்த எண்ணை நடத்தினீர்கள், ஜோராக ஓடியது. பேச ஆள் வைக்கக் காசில்லை என்று நீயே பேசிப் பதிவு செய்து கொடுத்தாய். "அடுத்த பஸ் ஆறு நிமிடத்தில்" என்று அமைச்சர் மாதிரி என்ன ஒரு கம்பீரம்! இப்போது, கூட்டமில்லாத ரூட்டுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை, நிறுத்துகிறோம் என்கிறீர்கள். "சொந்த அக்காவே கழுத்தறுக்குறா" என்று சித்தப்பாவிடம் புலம்பினாயாம்.

அறுக்கவில்லையடா. அந்தத் தகவல் டிக்கெட் வாங்கிய ஜனங்களுடையது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அதை உனக்கு அள்ளி ஊற்ற என்னால் முடியாது. ஆப்பில் விளம்பரம் போட்டுச் சம்பாதி, யார் வேண்டாம் என்றது? வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதம் வராவிட்டால் தகவல் நின்றுவிடும். நீ அனுப்புவாய். உன்னை வளர்த்தவளுக்குத் தெரியாதா?

அம்மாவுக்குப் பார்வை இன்னும் மங்கல்தான். ஆனாலும் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய் வருகிறாள், அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு. நீ நிறுத்தச் சொன்னவற்றில் நம் வீட்டு ரூட்டும் ஒன்று, பார்த்தாயா?

நேற்று ஞாயிறு, ஆஸ்பத்திரி கிடையாது. கூடத்தில் அம்மா போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. பஸ் எப்ப வருதுன்னு சும்மா கேட்டேன்" என்றாள். வைத்துவிட்டு, மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.

நீ நன்றாக இரு, உன் தொழில் தழைக்கட்டும். வீட்டுக்கு ஒரு போன் போடு. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், நான் பேசவில்லை, அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா